இடைக்காலத் திருச்சபைத் தலைவர்களின் கடிதங்களில் உணர்ச்சிமொழியை வாசிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

பிரான்சின் கிளேர்வோ மடத்துத் தலைவராக இருந்த பெர்நார்து (1090–1153), 1125-ஐ ஒட்டிய காலத்தில், தம்மை விட்டு நீங்கிக் குளூனி மடத்துக்குப் போய்விட்ட ராபர்ட் என்னும் இளம் உறவினருக்கு நீண்ட கடிதம் ஒன்றை எழுதினார். பொறுத்தது போதும், போதுமான அளவுக்கும் மேலாகப் பொறுத்துவிட்டேன் என்ற பொருளில் தொடங்கும் அந்தக் கடிதத்தில் கண்ணீர் உண்டு, தாய்ப்பால் உண்டு, ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய் உண்டு, மிளகும் இஞ்சியும் சீரகமும்கூட உண்டு. முதன்முறை வாசிப்பவர்களில் சிலர் ‘உள்ளம் உடைந்து எழுதியிருக்கிறார்’ என்று உருகிப்போவார்கள். சிலர் ‘இது வெறும் சொல்லலங்காரம்’ என்று ஒதுக்கிவிடுவார்கள். இரண்டுமே அவசர முடிவுகள் என்பது என் கருத்து. எழுதியவர் உண்மையிலேயே உணர்ந்தாரா என்ற கேள்விக்கு ஏறத்தாழ தொள்ளாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு விடை காண வழியில்லை. அந்த உணர்ச்சிச் சொல் யாருடைய காதில் விழ வேண்டும் என்று எழுதப்பட்டது, அது என்ன காரியத்தைச் செய்தது, வழக்கமான வடிவத்திலிருந்து எந்த இடத்தில் விலகியது என்ற கேள்விகளுக்கோ கடிதத்துக்குள்ளேயே விடை இருக்கிறது.

6-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தையான பெரிய கிரகோரி முதல் 12-ஆம் நூற்றாண்டின் ஹில்டெகார்ட் வரையிலான கடிதங்களை மொழிபெயர்ப்பில் வாசிக்க விரும்புகிறவர்களை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இலத்தீன் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சில சொற்களை மட்டும் அடையாளம் காணப் பழகிக்கொண்டால் போதும்.

முதலில்: கடிதம் என்றால் அன்று என்ன?

இன்று கடிதம் என்றதும், தனி அறையில் ஒருவர் எழுதி, உறையில் ஒட்டி, இன்னொருவர் தனியே பிரித்துப் படிக்கும் பொருள் ஒன்று நம் மனத்தில் எழுகிறது. அந்தப் படத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இடைக்கால ஆயரோ மடத்தலைவரோ பெரும்பாலும் வாயால் சொல்ல, எழுத்தர் மெழுகுப் பலகையில் குறித்துக்கொண்டு, பிறகு தோல்தாளில் செப்பமாக எழுதுவார். நம்பிக்கைக்குரிய தூதர் அதைக் கொண்டுபோவார். எழுத்தில் வைக்க முடியாத செய்தியை அவரே வாய்மொழியாகச் சொல்வதும் உண்டு. சென்று சேர்ந்த இடத்தில் கடிதம் உரக்க வாசிக்கப்படும், துறவியர் பலர் கேட்பார்கள், பிடித்திருந்தால் படியெடுப்பார்கள். ஆகவே ‘உன்னை எண்ணி இரவெல்லாம் அழுதேன்’ என்ற வரி ஒருவருக்கு எழுதப்பட்டாலும், அது பலர் கேட்கப்போகும் வரி என்பது எழுதியவருக்குத் தெரியும்.

எழுத்தரின் கை இதில் எவ்வளவு தூரம் புகுந்திருந்தது என்பதற்குப் பெர்நார்தே சாட்சி. குளூனியின் தலைவரான வணக்கத்துக்குரிய பீட்டர், பெர்நார்திடமிருந்து வந்த ஒரு கடிதத்தின் கடுமையால் மனம் புண்பட்டபோது, பெர்நார்து வேலைப்பளுவின்மேல் பழியைப் போட்டார்: எழுத்தர்கள் தம் கருத்தைச் சரியாகப் பிடித்துக்கொள்ளாமல் எழுத்தாணியை அளவுக்கு மீறிக் கூர்மையாக்கிவிடுகிறார்கள், எழுதச் சொன்னதைத் திரும்பப் பார்க்கவும் தமக்கு நேரம் கிடைப்பதில்லை என்றார். அவருடைய செயலர்களுள் ஒருவரான நிக்கோலாஸ் மடத்தைவிட்டுப் போனபோது, பெர்நார்தின் முத்திரையும் அவரிடமிருந்து கைப்பற்றப்பட்டது. இந்தச் செய்தியைத் திருத்தந்தை மூன்றாம் யூஜினுக்கு எழுதிய கடிதத்தில் பெர்நார்தே தருகிறார். உணர்ச்சிமொழியை ஆராய்வதற்கு இது தடையாகாது. ‘பெர்நார்தின் மனம்’ என்று எழுதும் முன் ‘பெர்நார்தின் எழுத்தகம்’ என்றும் ஒருமுறை நினைத்துக்கொள்ளும் பழக்கம் வந்தால் போதும்.

அடுத்து: ஒரே ஒரு கடிதத்தை எடுத்து அதன் சூழலைக் கட்டுங்கள்

பெரிய கிரகோரியின் கடிதங்கள் மட்டும் எண்ணூறுக்கு மேல் எஞ்சியிருக்கின்றன. பெர்நார்துக்கு ஐந்நூறுக்கு மேல். தொடக்கத்திலேயே இவற்றில் மூழ்க வேண்டாம். ஒரு கடிதத்தை எடுத்து, முழுவதையும் ஒரே அமர்வில் வாசித்துவிட்டு, எழுதியவரும் பெறுபவரும் அந்த ஆண்டில் என்ன பதவியில் இருந்தார்கள், அவர்களுக்கிடையே யார் மேல் யார் கீழ், இதற்கு முன் என்ன நடந்தது, எழுதியவருக்கு இப்போது என்ன வேண்டும் என்பதைப் பத்து வரிக்குள் எழுதி வையுங்கள்.

ராபர்ட்டின் கதையை அப்படி எழுதினால் இவ்வாறு வரும். சிறுவனாக இருந்தபோது பெற்றோர் அவரைக் குளூனிக்கு அளிப்பதாகச் சொல்லியிருந்தனர். வளர்ந்தபின் அவர் சிஸ்டெர்சியன் சபையைத் தேர்ந்து, பெர்நார்தின் கீழ்க் கிளேர்வோவில் வாழ்ந்தார். அங்கே வாழ்க்கை கடுமையானது. பெர்நார்து ஊரில் இல்லாத வேளையில் குளூனியிலிருந்து ஒரு மூத்த அதிகாரி வந்து, இனிமையாகப் பேசி அவரை அழைத்துச் சென்றார். ரோமின் தீர்ப்பும் குளூனிக்குச் சாதகமாக அமைந்தது. அதாவது, சட்டப்படி பெர்நார்து தோற்றுப்போன வழக்கு இது. இந்த ஒரு தகவல் கையிலிருந்தால் கடிதத்தின் கண்ணீர் வேறு நிறத்தில் தெரியும்: சட்டம் கைவிட்ட இடத்தில் பாசத்தைத் துணைக்கு அழைக்கிறார் அவர்.

வாழ்த்துரையைத் தாண்டிப் போய்விடாதீர்கள்

11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியின் மோந்தே கசினோ மடத்து அல்பெரிக் முதலானோர் கடிதக்கலையைப் பாடமாக வளர்த்தனர்; 12-ஆம் நூற்றாண்டில் பொலோஞ்ஞா நகரம் அதன் மையமாயிற்று. நல்ல கடிதத்துக்கு வாழ்த்து, பெறுபவரின் நல்லெண்ணத்தைக் கவரும் முன்னுரை, செய்தி, வேண்டுகோள், முடிவு என ஐந்து உறுப்புகள் உண்டு என்று அக்கலை வகுத்தது. வாழ்த்துரையில் யார் பெயர் முன்னால் வரவேண்டும் என்பதற்குக்கூட விதி இருந்தது: உயர்ந்தவர் பெயர் முதலில், தாழ்ந்தவர் பெயர் பின்னால்.

‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கும் நம் பழைய கடிதங்களை வைத்து, எழுதியவர் ஆவலால் துடித்தார் என்று எவரும் முடிவுகட்டுவதில்லை. ஆனால் வாழ்க்கை முழுதும் அப்படித் தொடங்கியவர் ஒருநாள் அந்த வரி இல்லாமல் தொடங்கினால், வீட்டில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். வாழ்த்துரையை வாசிக்கும் முறை இதுதான்: வழக்கம் எது என்று முதலில் தெரிந்துகொண்டு, விலகலைத் தேட வேண்டும். நார்மண்டியின் பெக் மடத்தில் இருந்த ஆன்செல்ம் (1033–1109), தம் பழைய தோழரும் பின்னாளில் ரோசெஸ்டரின் ஆயருமான குண்டுல்ஃபுக்கு எழுதும்போது, ‘தன்னவருக்குத் தன்னவன், நண்பருக்கு நண்பன், சகோதரருக்குச் சகோதரன், குண்டுல்ஃபுக்கு ஆன்செல்ம்’ என்று பட்டமும் பதவியும் எதுவுமின்றித் தொடங்குகிறார். படிநிலையைக் காட்டுவதற்கென்றே இருக்கும் இடத்தில் படிநிலையைக் கழற்றி எறிவது, ‘பேரன்புக்குரிய’ என்று பத்து முறை எழுதுவதைவிடக் கூடுதலாகச் சொல்கிறது.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜெர்மானிய அரசர் நான்காம் ஹென்றி 1076-இல் திருத்தந்தை ஏழாம் கிரகோரிக்கு அனுப்பிய கடிதத்தில் அவரைத் திருத்தந்தை என்று அழைக்காமல், இயற்பெயரைச் சொல்லி ‘ஹில்டெபிராண்ட், இனித் திருத்தந்தை அல்லாத போலித் துறவி’ என்றே விளித்தார். அதற்குப் பின் வரும் வசைகள் அனைத்தும் அந்த விளியின் விரிவுரைதான்.

உணர்ச்சிச் சொற்களைக் குறித்தல்

கடிதத்தை அச்சிட்டு எடுத்து, அன்பு, துயரம், சினம், அச்சம், ஏக்கம் ஆகியவற்றைக் குறிக்கும் ஒவ்வொரு சொல்லின் கீழும் கோடிடுங்கள். உடலில் நிகழ்பவற்றையும் (கண்ணீர், பெருமூச்சு, நடுக்கம், நெஞ்சு எரிதல்) விட்டுவிடாதீர்கள். பிறகு மூல இலத்தீன் பதிப்பில் அதே இடத்தைத் தேடி, அங்கே நிற்கும் சொல் எது என்று பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டில் பாரிசில் மிஞ் வெளியிட்ட இலத்தீன் தந்தையர் தொகுப்பு இணையத்தில் கிடைக்கிறது. பெர்நார்தின் கடிதங்கள் அதில் 182-ஆம் தொகுதியில் உள்ளன. மொழிபெயர்ப்பாளர் ‘அன்பு’ என்று ஒரே சொல்லால் மூடிவிட்ட இடத்தில் மூலத்தில் மூன்று வெவ்வேறு சொற்கள் நிற்கக்கூடும்.

அன்பைக் குறிக்க ‘அமோர்’, ‘திலெக்ஸியோ’, ‘காரித்தாஸ்’ என்ற மூன்றும் வரும். கடைசிச் சொல்லைத் தமிழ்க் கத்தோலிக்கர் ஒரு தொண்டு அமைப்பின் பெயராக அறிவார்கள்; இக்கடிதங்களில் அது கடவுளிடமிருந்து வந்து கடவுளிடமே திரும்பும் அன்பு. இவற்றுக்கிடையே சுவர் எழுப்பிவிடவும் கூடாது. பெர்நார்தும் ஆன்செல்மும் இவற்றை அடிக்கடி மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். எல்லா வாக்கியங்களிலும் பொருள் வேறுபாட்டைத் தேடுபவர் ஏமாந்துபோவார். மூன்றையும் கலந்து எழுதும் ஒருவர் திடீரென்று ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளும் பத்தியில் நின்று கவனிப்பதே பலன் தரும்.

துயரத்தைப் பொறுத்தவரை ஓர் அடிப்படைப் பாகுபாடு எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. கடவுளுக்கு ஏற்ற மனவருத்தம் மீட்புக்கு இட்டுச்செல்லும், உலகப்போக்கிலான மனவருத்தம் சாவை விளைவிக்கும் என்ற பவுலின் கூற்று (2 கொரிந்தியர் 7) அவர்களுக்கு மனப்பாடம். ‘திரிஸ்தித்தியா’ என்னும் சோகம், பெரிய கிரகோரி வகுத்த ஏழு தலையாய தீமைகளுள் ஒன்று. அதே கிரகோரி, நெஞ்சைக் குத்தி வரும் கண்ணீரைக் கடவுளின் கொடையாகப் போற்றினார். ஆகவே ஓர் ஆயர் தம் துயரத்தைச் சொல்லும்போது அது எவ்வகைத் துயரம் என்று காட்டவும் வேண்டியிருந்தது. சினத்திலும் இதே இரட்டை வழி உண்டு: ‘இரா’ என்ற சினம் பாவம், ‘செலுஸ்’ என்ற ஆர்வத்தீ அறம். எதிராளிக்கு வருவதெல்லாம் முன்னதாகவும், தமக்கு வருவதெல்லாம் பின்னதாகவும் அமைந்துவிடும் என்பதை வாசிப்பவர் விரைவிலேயே கண்டுகொள்வார்.

விவிலியத்தின் எதிரொலி

திருப்பாடல்கள் 150-ஐயும் வாரந்தோறும் பாடி முடித்தவர்கள் இந்த எழுத்தாளர்கள். அவர்களுடைய துயரம் வாயைத் திறந்தாலே தாவீதின் சொல்லோ எரேமியாவின் சொல்லோதான் வந்து விழும். உணர்ச்சி உச்சத்தை எட்டும் வரிகளை விவிலியச் சொல்லடைவில் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஏதாவது அகப்படும். கண்ணீரே உணவானது என்றால் திருப்பாடல் 42. இறந்த நண்பனைப் பற்றிய பேச்சென்றால் யோனத்தானுக்காகத் தாவீது பாடிய புலம்பல். மீண்டும் பேறுகால வேதனைப்படுகிறேன் என்றால் கலாத்தியருக்குப் பவுல் எழுதியது.

மேற்கோள் என்று தெரிந்தவுடன் ‘அப்படியானால் இது அவருடைய சொந்த உணர்ச்சி இல்லை’ என்று நினைப்பது பெரும்பிழை. சங்கப் பாடலின் தலைவிக்குப் பசலை படர்வது மரபு; மரபென்பதற்காக அவள் பிரிவு பொய்யாகிவிடுவதில்லை. எந்த மேற்கோளை எடுத்தார், அதை எப்படி வளைத்தார் என்பதில்தான் அவரவர் குரல் இருக்கிறது.

இதற்கு ஹில்டெகார்டைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ரைன் நதிக்கரையில் பெண்துறவியர் குழுவைத் தலைமையேற்று நடத்திய அவருக்கு, ஸ்டாடே குலத்து ரிக்கார்டிஸ் என்ற இளம் துறவி நெருங்கிய துணையாகவும், அவருடைய இறைக்காட்சிகளைச் சொல்லும் முதல் நூல் உருவானபோது உதவியாளராகவும் இருந்தார். 1151-இல் ரிக்கார்டிஸ் வடக்கே பாசும் மடத்துக்குத் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருடைய சகோதரர் ஹார்ட்விக், பிரேமனின் பேராயர். ஹில்டெகார்ட் அதைத் தடுக்க எங்கெல்லாமோ எழுதினார். மைன்ஸ் பேராயருக்கு எழுதிய பதிலில் பேசுவது இறைவாக்கினரின் சினம். சொல்வது கடவுள், தாம் வெறும் வாய் என்ற தோரணை. எல்லாம் தோற்றபின் ரிக்கார்டிசுக்கே எழுதிய கடிதத்தில் அந்தத் தோரணை நொறுங்கிவிடுகிறது. ‘ஐயோ, தாயாகிய எனக்குக் கேடு, ஐயோ, மகளாகிய எனக்குக் கேடு, ஏன் என்னை அநாதையைப்போல் கைவிட்டாய்?’ என்று அவர் கேட்கிறார். ‘ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்பது திருப்பாடல் 22-இன் சொல், சிலுவையிலிருந்து இயேசு கூவிய சொல். என் துயரம் போன்ற துயரம் உள்ளவர்கள் என்னோடு சேர்ந்து அழட்டும் என்று அவர் தொடரும்போது எருசலேமுக்கான புலம்பல் கேட்கிறது. இவை யாவும் கடன் வாங்கியவை. தாயும் நானே, மகளும் நானே என்று ஒரே மூச்சில் சொல்லி, தம் அதிகாரத்தைத் தாமே கீழே வைக்கும் அந்த வளைவு ஹில்டெகார்டுடையது. மறுஆண்டு அக்டோபரில் ரிக்கார்டிஸ் இறந்துபோனார். தம் சகோதரி பழைய மடத்தை நினைத்துக் கண்ணீர் விட்டதாக ஹார்ட்விக் ஹில்டெகார்டுக்கு எழுதினார்.

உணர்ச்சி செய்யும் வேலை

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். கோடிட்ட சொற்களை வைத்துக்கொண்டு, அவை கடிதத்தின் எந்த உறுப்பில் குவிகின்றன என்று பாருங்கள். வேண்டுகோளுக்குச் சற்று முன்பு கண்ணீர் அடர்த்தியாகிறதா? கட்டளை வந்தவுடன் பாசம் வற்றிவிடுகிறதா?

பெர்நார்தின் கடிதம் அடுத்தடுத்து நான்கு முகங்களை மாற்றுகிறது. முதலில் குற்றத்தைத் தம்மேலேயே ஏற்றிக்கொள்கிறார்: மென்மையான இளைஞனிடம் நான் அளவுக்கு மீறிக் கடுமையாக நடந்துவிட்டேன், இப்போது மாறிவிட்டேன், அஞ்சாதே என்கிறார். அடுத்து, பாலூட்டி வளர்த்த பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் குரல் வருகிறது. ஆண் மடத்தலைவர் தம்மைத் தாயாகக் காட்டிக்கொள்வது அக்காலத்துச் சிஸ்டெர்சியன் எழுத்தில் பரவலாகக் காணப்படுவது. வியப்பதற்கு முன் இதை அறிந்துகொள்ள வேண்டும். மூன்றாவதாகக் கிண்டலும் சினமும். குளூனியிலிருந்து வந்தவர் ஓநாய். அங்கே உடை மென்மையானது. மிளகு, இஞ்சி, சீரகம் முதலான ஆயிரம் மசாலாக்கள் நாக்கை மகிழ்விக்கும், ஆசையையும் மூட்டும். (நம் மேற்குக் கடற்கரையில் விளைந்த மிளகு, பர்கண்டியின் துறவறச் சண்டையொன்றில் சாட்சிப் பொருளாக நிற்பது எனக்கு எப்போதும் சுவையான செய்தி.) முடிவில் தாய் மறைந்து தளபதி வருகிறார்: ‘எழுந்திரு, கிறிஸ்துவின் போர்வீரனே, தூசியை உதறு, ஓடிவந்த போர்க்களத்துக்குத் திரும்பு.’

இந்த வரிசையைக் கவனித்தால் உத்தி விளங்கும். திரும்பி வரத் தயங்குபவருக்கு முதல் தடை தண்டனையைப் பற்றிய அச்சம்; அதைத் தற்குற்றச்சாட்டு நீக்குகிறது. இரண்டாவது தடை, போன இடத்தின் சுகம். அதைக் கிண்டல் கெடுக்கிறது. மூன்றாவது தடை வெட்கம். ஓடிப்போனவனையே வீரன் என்று அழைத்து அதைத் துடைக்கிறார். பின்னாளில் ராபர்ட் கிளேர்வோவுக்குத் திரும்பினார் என்பதும் தெரியும். அதற்கு இக்கடிதம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அப்போது குளூனியின் தலைவராயிருந்த பீட்டரின் இணக்கமும் அதற்கு வேண்டியிருந்தது.

அரசியல் கடிதத்தில் இதே வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க, 1077 சனவரியில் இத்தாலியின் கனோசாக் கோட்டையில் நடந்ததைப் பற்றி ஏழாம் கிரகோரி ஜெர்மானியப் பிரபுக்களுக்கு எழுதியதை எடுத்துக்கொள்ளுங்கள். தம்மால் சபைநீக்கம் செய்யப்பட்டிருந்த அரசர் ஹென்றி மூன்று நாள் கோட்டை வாயிலில் அரச கோலம் களைந்து, வெறுங்காலுடன், கம்பளி உடுத்து, அழுது நின்றார் என்கிறார். சுற்றியிருந்த எல்லாரும் இரங்கி அழுதார்கள் என்றும், இது திருத்தூதரின் கண்டிப்பு அன்று, கொடுங்கோலரின் மூர்க்கம் என்று சிலர் தம்மைக் குற்றம்சாட்டினார்கள் என்றும் தாமே எழுதுகிறார். தம்மைப் பழித்த பேச்சை ஏன் தம் கடிதத்திலேயே பதிவுசெய்ய வேண்டும்? அந்தப் பிரபுக்கள் அவருடைய கூட்டாளிகள்; ஹென்றியை அவர் மன்னித்தது அவர்களுக்குப் பேரிடி. பிறருடைய கண்ணீரை நிறையக் காட்டினால்தான் ‘நான் எளிதில் இளகிவிடவில்லை, இதற்குமேல் மறுக்க முடியவில்லை’ என்று அவர்களிடம் சொல்ல முடியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1075 சனவரியில், குளூனி மடத்தலைவர் ஹ்யூவுக்கு எழுதிய கடிதத்தில் பெருந்துயரமும் எங்கும் பரந்த சோகமும் தம்மைச் சூழ்ந்து முற்றுகையிட்டிருப்பதாக இதே கிரகோரி எழுதியிருந்தார். இரண்டையும் அடுத்தடுத்து வாசியுங்கள். தம் துயரத்தை நண்பரிடம் தாமே சொல்கிறவர், அரசியல் கடிதத்தில் பிறரையே அழவிடுகிறார்.

ஆறுதல் கடிதங்களிலும் விழிப்பு தேவை. 793-இல் லிண்டிஸ்ஃபார்ன் தீவின் மடத்தை வைக்கிங்குகள் சூறையாடியபோது, சார்லமேனின் அவையோடு தொடர்புடைய அறிஞரான ஆல்குயின், அங்கிருந்த ஆயர் ஹிக்பால்டுக்கு எழுதினார். உங்கள் துன்பம் தொலைவிலிருக்கும் என்னை நாள்தோறும் வருத்துகிறது என்று தொடங்கும் கடிதம், சிறிது நேரத்தில் உடை ஆடம்பரத்தையும் குடிவெறியையும் திருத்திக்கொள்ளச் சொல்கிறது. அவருடைய காலத்தில் இது ஆறுதலுக்கு முரணானதாகக் கருதப்படவில்லை. அழிவுக்குப் பாவம்தான் காரணம் என்றால், திருந்துவதற்கு வழி காட்டுவதே அவர்களுக்குத் தெரிந்த உறுதியான ஆறுதல்.

கொடுமையாகும் அன்பு

இனிமையான கடிதங்களை மட்டும் வாசித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. குண்டுல்ஃபுக்கு அவ்வளவு உருகி எழுதிய ஆன்செல்ம், 1093-இல் கேன்டர்பரிப் பேராயரான பிறகு, இங்கிலாந்தின் கடைசி ஆங்கிலோ-சாக்சன் அரசரான ஹரால்டின் மகள் குன்ஹில்டுக்கு எழுதியதையும் பக்கத்தில் வைக்க வேண்டும். வில்ட்டன் மடத்தில் துறவு உடை அணிந்திருந்த அவர், கோமகன் ஆலன் ரூஃபசுடன் போய்விட்டார். சிறிது காலத்தில் ஆலன் இறந்தார். குன்ஹில்டை மடத்துக்குத் திரும்ப அழைக்கும் ஆன்செல்ம் இப்படிச் சொல்கிறார்: போ சகோதரியே, இப்போது அவன் கிடக்கும் படுக்கையில் அவனோடு படுத்துக்கொள், அவனுடைய புழுக்களை மார்போடு அணைத்துக்கொள், உதடுகள் அழுகிப்போய்விட்டதால் வெறும் பற்களை முத்தமிடு.

இந்தப் பத்தியை ஒருமுறை வாசித்தவர் மறப்பதில்லை. உலக இன்பத்தின் நிலையாமையைப் பிணத்தைக் காட்டி உணர்த்துவது பழைய போதனை முறைதான். ஆனால் இங்கே அந்தப் பிணம் பொதுவான பிணம் அன்று. பெறுபவர் அன்பு செய்த மனிதர். முத்தம், அணைப்பு, படுக்கை என்று காதலின் சொற்களையே ஒவ்வொன்றாக எடுத்து அவர் அருவருப்பாக மாற்றுகிறார். கடிதம் முழுதும் அவரைத் தம் அன்புக்குரிய மகள் என்றும் சகோதரி என்றும் அழைத்துக்கொண்டே இதைச் செய்கிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அன்பும் அச்சுறுத்தலும் எதிரெதிர்ப் பெட்டிகளில் இல்லை. ஆன்மாவைக் காப்பது தம் கடமை என்று நம்பிய ஒருவருக்கு இரண்டும் ஒரே கருவிப்பெட்டியில் இருந்தன. அதை விளங்கிக்கொள்வது வேறு, ஏற்றுக்கொள்வது வேறு. துயரத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு எழுதப்பட்ட இந்த வரிகளைக் கொடுமை என்று சொல்ல நான் தயங்கமாட்டேன்.

முத்தமும் அணைப்பும்

துறவிகளுக்கிடையே எழுதப்பட்ட கடிதங்களில் முத்தம், கழுத்தைக் கட்டிக்கொள்ளுதல், உயிரோடு உயிர் கலத்தல் போன்ற மொழி தாராளமாக வருகிறது. இறைவாக்கினர் அபக்கூக்கை வானதூதர் தூக்கிச் சென்றதுபோல் தம்மையும் யாராவது தூக்கிச் சென்றால், நண்பரின் கண்களையும் காதுகளையும் கைகால் விரல்களையும்கூட முத்தமிடுவேன் என்று ஆல்குயின் ஓர் ஆயருக்கு எழுதுகிறார். நீங்கள் மௌனமாக இருந்தாலும் என்மேல் அன்பு வைத்திருப்பதை அறிவேன், நான் மௌனமாக இருந்தாலும் உங்கள்மேல் எனக்குள்ள அன்பை நீங்கள் அறிவீர்கள் என்கிறார் ஆன்செல்ம். இவற்றை உடற்காதல் என்று வாசித்த ஆய்வாளர்களும் உண்டு. முற்றிலும் இறையியல் உருவகம் என்று வாசித்தவர்களும் உண்டு. வழிபாட்டில் சமாதான முத்தம் கொடுத்தவர்கள் அவர்கள். விவிலியத்தின் இனிமைமிகு பாடலில் வரும் முத்தத்தைக் கடவுளுக்கும் ஆன்மாவுக்கும் இடையிலானதாக விளக்கியவர்கள். சிசெரோவின் நட்பு நூலைப் பள்ளியில் படித்தவர்கள். இந்த மூன்றும் கலந்த மொழியை நம் காலத்துப் பெயர் எதையேனும் சூட்டி மூடிவிட்டால், மேற்கொண்டு பார்க்க எதுவும் மிஞ்சாது. ஒரே எழுத்தாளர் இம்மொழியை யாருக்கு அளித்தார், யாருக்கு மறுத்தார் என்று பட்டியலிடுவதே பயனுள்ள வேலை.

பெண்கள் எழுதியவற்றையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜெர்மானியப் பகுதியில் மறைபரப்பிய போனிபாசுக்கு 730-களை ஒட்டி இளம் துறவி லியோபா எழுதிய கடிதம், தந்தை இறந்துவிட்டார், தாய் நோயுற்றிருக்கிறார், உடன்பிறந்தவர் எனக்கு யாருமில்லை, உங்களையே சகோதரராகக் கொள்ளும் பேறு வேண்டும் என்கிறது. கூடவே தம் இலத்தீனைத் திருத்தித் தரும்படி கேட்டுச் சில செய்யுள் வரிகளையும் அனுப்புகிறார். ஏக்கமும் கல்வி ஆர்வமும் ஒரே தாளில் வந்துசேர்கின்றன. பின்னாளில் போனிபாஸ் அவரைத் தம் பணிக்குத் துணையாக அழைத்துக்கொண்டார்.

எஞ்சியவை, எஞ்சாதவை

உங்கள் கையில் இருக்கும் கடிதம் தற்செயலாகத் தப்பிப் பிழைத்ததா, தொகுப்பதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். ராபர்ட்டுக்கு எழுதிய கடிதம், பெர்நார்தின் வாழ்நாளிலேயே தொடங்கிய தொகுப்பில் முதலிடத்தில் வைக்கப்பட்டது. அதைச் சொல்லி எழுதவைத்தபோது பெய்த மழை தாளை நனைக்கவில்லை என்று அவருடைய வாழ்க்கை வரலாறு ஓர் அற்புதத்தையும் சேர்த்தது. ஓர் இளைஞரைத் திரும்ப அழைத்த கடிதம், இப்படி ஒரு சபையின் கொள்கை முழக்கமாயிற்று. இதற்கு மாறாக, நட்பைப் பற்றித் தனி நூலே எழுதிய ரீவோ மடத்துத் தலைவர் ஏல்ரெடின் கடிதத் தொகுப்பு நமக்குக் கிடைக்கவே இல்லை. அக்காலத்துத் துறவிகளின் உணர்ச்சி உலகம் என்று நாம் வரையும் படத்தில் அந்த இடம் வெற்றாக இருக்கிறது.

குறிப்பெழுதும் முறை: ஒரு மாதிரி

இறுதியாக, கண்டவற்றை எழுத்தில் வையுங்கள். ஒரு கடிதத்துக்கு ஒரு பக்கம் போதும். ‘அவர் மிகுந்த வேதனை அடைந்தார்’ என்று எழுதாமல், ‘இந்த இடத்தில் இந்தச் சொல்லால் வேதனையைச் சொல்கிறார், அதன் விளைவாக இன்னது நிகழ்கிறது’ என்று எழுதப் பழகுங்கள். வணக்கத்துக்குரிய பீட்டர், எலுவீசுக்கு எழுதிய கடிதத்தை வைத்து நான் எழுதிய பக்கத்தின் சுருக்கம் இது.

தத்துவ ஆசிரியரான அபெலார்து 1142 ஏப்ரல் 21 அன்று, ஷாலோனுக்கு அருகே குளூனியைச் சார்ந்த மடமொன்றில் இறந்தார். ஒருகாலத்தில் அவருடைய மனைவியாயிருந்த எலுவீஸ், இப்போது பாராக்கிளீத் மடத்தின் தலைவி. செய்தியைச் சொல்ல வேண்டியவர் பீட்டர். கடிதத்தின் முற்பகுதி முழுவதும் எலுவீசைப் பற்றியது: இளமையிலிருந்தே அவருடைய கல்வியின் புகழைக் கேட்டு மதித்துவந்ததைச் சொல்கிறார், குளூனிக்கு அவர் கிடைத்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறார். இறந்தவரைப் பற்றிய பேச்சு அதற்குப் பின்னர்தான் வருகிறது. அதுவும் அவருடைய எளிய உடை, வாசிப்பு, மௌனம், நோய், மரணம் என்று அடங்கிய தொனியில் செல்கிறது. கண்ணீர்ச் சொற்கள் மிகக் குறைவு. துறவு வாக்குக் கொடுத்த ஒரு பெண் தம் கணவருக்காகப் படும் துக்கத்தைப் பற்றி ஒரு மடத்தலைவர் வெளிப்படையாகப் பேச இடமில்லை என்பது அவர்கள் இருவருக்கும் தெரியும். கடைசி வரிகளில் அந்த எல்லையைப் பீட்டர் தாண்டுகிறார்: உடலின் பிணைப்பாலும், பின்னர் அதனினும் வலிய இறையன்பின் பிணைப்பாலும் நீர் யாரோடு இணைந்திருந்தீரோ, அவரை இப்போது உமக்குப் பதிலாக, இன்னொரு நீராகவே, கடவுள் தம் மடியில் வைத்து அணைத்துக்கொண்டிருக்கிறார், ஆண்டவர் வரும் நாளில் உமக்கே திருப்பித் தருவதற்காகக் காத்துவருகிறார் என்கிறார். ‘மடி’ என்பது ஆபிரகாமின் மடியை நினைவூட்டும் விவிலியச் சொல். எனவே யாரும் குறைசொல்ல முடியாது. அதே சொல், மனைவியின் மடியையும் மறுக்காமல் விட்டுவைக்கிறது. பின்னர் அபெலார்தின் உடலைப் பீட்டரே பாராக்கிளீத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். எலுவீஸ் கேட்டுக்கொண்டபடி, இறந்தவருக்கான பாவமன்னிப்பையும் எழுதி, முத்திரையிட்டு அனுப்பினார்.